மந்த நாளின் போணி

டீக்காரிக்கு,

இன்று காலை உன் வீட்டுக்காரர் வடையைச் சுற்றிக் கொடுத்த தாளில் அந்தச் சொல் இருந்தது. எண்ணெய் ஊறி, முன்பக்கத்து எழுத்தும் பின்பக்கத்து எழுத்தும் ஒன்றோடு ஒன்று கலந்துபோயிருந்ததால் மற்ற எதையும் படிக்க முடியவில்லை. தலைப்பில் தடித்த எழுத்தில் ‘மந்தநிலை’ என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். உன் வீட்டுக்காரர் வடையில் முடி கிடி இருக்கிறதோ என்று பயந்து எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லையண்ணா என்று சொல்லி, தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு ரோட்டைக் கடந்து என் கடைக்கு வந்தேன். புடவை பூராவும் எண்ணெய். பரவாயில்லை, பார்க்க யாரும் இல்லை.

உன் பெயரை எழுதப் போவதில்லை. கடைத்தெருவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் “நான் இன்னா ரேஷன் கார்டா?” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் நீ. எனக்கு நீ டீக்காரி, உனக்கு நான் ஜவுளி. ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாப்பில் எதிரும் புதிருமாகக் கடை வைத்திருந்த நமக்கு அதற்கு மேல் பெயர் தேவைப்படவில்லை.

நான் கீழே படவேட்டுப் பக்கத்திலிருந்து இந்த மலைக்குக் கடை வைக்க வந்தவள். என் புருஷனுக்கு ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலை. வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. பெரியண்ணனும் சின்னண்ணனும் சேர்ந்து எனக்கு வைத்துக் கொடுத்த கடை இது. கீழே கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் பெரியண்ணன் “மலை மேல எங்க தங்கச்சி ஜவுளிக்கடை வச்சிகினு கீது” என்று சொல்லாமல் வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் போன் வரும். “யாவாரம் எப்படிம்மா?” என்பார். “நல்லா போவுதுண்ணா” என்பேன். முதல் சில வருஷம் அது உண்மையாகவும் இருந்தது. புளி உலுக்குகிற காலத்தில் சந்தைக்கு வருகிற பெண்கள் புளி விற்ற கையோடு என் கடைக்குள் வருவார்கள். கையில் இருக்கிற பிசுபிசுப்பு புடவையில் ஒட்டும். தொட்டவள் எடுத்தே ஆக வேண்டும் என்று நான் சட்டம் பேசுவேன். நீ அங்கிருந்தே “தொடாமப் பாருங்கடி, ஜவுளி கட்டிவுட்ரும்!” என்று கத்துவாய்.

பிறகு ஒரு வருஷம் பூத்த புளியெல்லாம் மழையில் கொட்டியது. அடுத்த வருஷம் காய்த்தது. ஆனால் கீழே கலசப்பாக்கத்து மண்டியில் விலை கிடைக்கவில்லை. மலையில் இருக்கிற பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் பஸ் ஏறினார்கள். இருக்கிறவர்களுக்கும் போனில் பார்த்துச் சொன்னால் துணி பார்சலில் வந்துவிடுகிறது. சந்தை நாளில்கூட ஆட்கள் என் கடையைத் தாண்டிப் போனார்கள், உள்ளே வரவில்லை. கடையைத் திறந்து, தண்ணீர் தெளித்து, ஊதுவத்தி ஏற்றி உட்கார்ந்தால் ஊதுவத்தி அணைகிற வரைக்கும் ஒரு நிழல் வாசலில் விழாது.

அப்போதுதான் அந்தச் சொல் நம் ரோட்டுக்கு வந்தது. அன்றைக்கும் வடை சுற்றிய தாள்தான். நீ எட்டாவது வரை படித்தவள். கையில் கிடைத்த தாளையெல்லாம் படித்துவிட்டுத்தான் வடை வைப்பாய். படித்ததை ஊருக்கே படித்தும் காட்டுவாய்.

“இத கேளு ஜவுளி. ‘பொருளாதார மந்தநிலை தொடரும்’னு போட்டுகீறான்.”

“அப்படின்னா?”

“அப்படின்னா உன் கடைதான்.”

நீ சிரித்தாய். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன்னால் யாராவது கடை எப்படி என்று கேட்டால் ‘பரவால்ல’ என்று முனகுவேன். அதன்பிறகு ‘மந்தம்’ என்று சொல்ல ஆரம்பித்தேன். கந்தல் புடவைக்கு மேல் நல்ல சால்வை போர்த்திக்கொண்டது போல இருந்தது எனக்கு. மந்திரி சொல்கிற சொல், பேங்க்காரர் சொல்கிற சொல், டிவியில் கோட்டு போட்டுக்கொண்டு நாலு பேர் மேஜையைத் தட்டிப் பேசுகிற சொல். தேசத்துக்கே வந்தது எனக்கும் வந்திருக்கிறது என்றால் அதில் என் தப்பு எங்கே இருக்கிறது? வாயால் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். மனசுக்குள் நம்பவில்லை. மனசு சொன்னதெல்லாம் வேறு. நான் எடுத்து வந்த கலர் சரியில்லை. என் பேச்சு சரியில்லை. கீழேயிருந்து வந்தவள் என்று ஒதுக்குகிறார்கள். இல்லாவிட்டால் என் முகத்திலேயே ஏதோ இருக்கிறது. டிவியில் பேசுகிறவன் மந்தம் என்று சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறான். நான் சொல்லும்போது கண் தரைக்குப் போய்விடும்.

பெரியண்ணனிடம் மட்டும் அதையும் சொல்லவில்லை. அவருக்கு எப்போதும்போல ‘நல்லா போவுதுண்ணா’தான்.

அந்தக் காலத்தில் நான் செய்த ஒரு காரியத்தை நீ ஒருத்திதான் கண்டுபிடித்தாய். பஸ் வந்து நிற்கிற நேரமாகப் பார்த்து, அரக்குக் கரை போட்ட மாம்பழக் கலர் புடவையை உதறி விரித்து மேஜைமேல் போட்டு, நிதானமாக மடிப்பேன். இறங்குகிறவர்கள் பார்த்தால் இப்போதுதான் யாரோ வந்து புரட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டும். அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பவும் விரிப்பேன். ஒருநாள் நீ டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அந்தப் புடவையைத் தடவிக் கொடுத்தாய்.

“பாவம்மே இது. இதுக்கு வாயி இருந்தா உன் மேல கேஸ் குடுத்திருக்கும்.”

நான் சிரித்தேன். நீ போன பிறகு மேஜைக்குப் பின்னால் குனிந்து, எதையோ தேடுகிற மாதிரி வெகுநேரம் இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் நீ தினமும் போணி பண்ண வர ஆரம்பித்தாய். நான் கடையைத் திறந்து மேஜையைத் துடைப்பதற்குள் வந்து நிற்பாய். ஒருநாள் ஊக்கு தொலைந்துபோயிருக்கும். ஒருநாள் நாத்தனார் மகளுக்கு ரிப்பன். ஒருநாள் மூக்கைச் சிந்தக் கைக்குட்டை. “ஜல்தி குடு, பால் பொங்குது” என்று பத்து ரூபாய் நோட்டை நீட்டுவாய். நான் வாங்கி, கண்ணில் ஒற்றி, கல்லாவில் போடுவேன். எங்கள் அப்பா சந்தையில் கடை போட்டவர். முதல் காசைக் கண்ணில் ஒற்றாமல் போட்டால் கையை அடிப்பார். அதனால் அது எனக்கு யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. கை தானாகப் போகும்.

முதலில் உனக்குக் கைராசி என்று நினைத்தேன். அப்புறம் எனக்கு உறைத்தது, எந்தப் பொம்பளைக்கும் தினம் ஒரு ஊக்கு தொலையாது. புரிந்த பிறகாவது நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைவிடக் கேவலம், நீ வர ஒருநாள் கொஞ்சம் தாமதமானால் உன் கடைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். சொந்தக் கடை வைத்திருக்கிற ஒருத்தி, எதிர்க்கடைக்காரி இரக்கப்பட்டு வாங்கப்போகிற ஊக்குக்காக வாசலில் காத்திருக்கிறாள். அந்த வெட்கத்தை யாரிடம் சொல்ல முடியும்? உன்னிடமே முடியாது.

பெரியண்ணன் குடும்பத்தோடு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் வாடகைக் கார் வைத்துக்கொண்டு, அருவி பார்க்கப் போகிற வழியில் கடை வாசலில் வந்து இறங்கினார்கள். அண்ணன், அண்ணி, பிள்ளைகள், அண்ணியின் அம்மா. கடையில் ஈ கூட இல்லை. நான் மாம்பழக் கலரை மடித்துக்கொண்டிருந்தேன். நாற்காலி போட்டேன், கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன், வாய் ஓயாமல் எதையோ பேசினேன். அண்ணி அலமாரியை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ அங்கிருந்து பார்த்தாய். அடுத்த நிமிஷம் என் கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் புதூர்நாட்டுப் பக்கம் ஜீப் ஓட்டுகிற பையன்.

“பொடவ காட்டும்மா.”

“இன்னா கலரு பாக்கறீங்க?”

“பச்சை. இல்ல... இன்னா கலரு கீதோ அத காட்டும்மா.”

அண்ணி கேட்டார், “வூட்டம்மாவுக்கா தம்பி?”

“எனக்கு இன்னும் கல்யாணம் ஆவலிங்க” என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு, “அம்மாவுக்கு” என்றான்.

பின்னாலேயே கண்டக்டர் வந்து துண்டு கேட்டார். விரித்துக் காட்டுவதற்குள் டிரைவர் ஹாரன் அடித்ததால் ஓடிப்போனார். கோயிலுக்குப் போகிற வழியில் உன் கடையில் டீக்கு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்கள் உண்மையாகவே ஆசையாகப் புடவையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், பாவம். “அடுத்த சந்தைக்கு வர்றோம்மா” என்று வைத்துவிட்டுப் போனார்கள். பெரியண்ணன் முகம் பூரித்துப்போயிற்று. “பாத்தியா? நாம வந்த நேரத்துலயே எத்தினி பேரு!” என்று அண்ணியிடம் சொன்னார். நான் பிழைத்தேன் என்றுதான் நினைத்தேன். ஜீப்காரப் பையன் புடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கியவன், அங்கிருந்தே உன் கடையைப் பார்த்துக் கத்தினான்.

“போதுமாக்கா?”

அண்ணன் காதில் அது விழவில்லை. அண்ணி காதில் விழுந்தது. அண்ணி உன் கடையைப் பார்த்தார். நீ சட்டென்று குனிந்து அடுப்பை ஊதினாய். கேஸ் அடுப்பை எவளாவது ஊதுவாளா? அண்ணி என்னைப் பார்த்தார். காரில் ஏறும்போது என் கையைப் பிடித்து, “ஒடம்ப பாத்துக்கோ. எப்ப வேணும்னாலும் வூட்டுக்கு வந்துடு” என்று மட்டும் சொன்னார். அண்ணி நல்லவர். நல்லவர் சொன்னதால்தான் தாங்க முடியவில்லை. கடையை மூடிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், ‘மலை மேல ஜவுளிக்கடை’ என்று அண்ணன் பெருமை பேசிய ஆட்கள் முன்னால் நடமாடுவதைவிட இந்தக் காலிக் கடையிலேயே கிடந்துவிடலாம் என்று தோன்றியது.

மறுநாள் காலையில் நீ எப்போதும் போல வந்து ஊக்கு கேட்டாய்.

“இல்ல” என்றேன்.

“எதிர்லயே தொங்குது.”

“உனக்கு இல்ல. உன் போணி எனக்கு வாணாம்.”

நீ நோட்டை நீட்டிய கையை மடக்கவில்லை. “போணி வாணாம்னு சொன்ன கடைக்காரிய இன்னிக்கித்தாம்மே பாக்கறேன்” என்றாய். சிரிக்கப் பார்த்தாய்; நான் விடவில்லை. அண்ணன் முன்னால் என்னைக் கூத்தாடவைத்துவிட்டாய் என்றேன். என் கடை படுத்துவிட்டது என்று ஊருக்கே தமுக்கு அடித்துவிட்டாய் என்றேன். உன் பிச்சை எனக்கு எதற்கு என்று கூடச் சொன்னேன். முதல் ஆளைத் திருப்பி அனுப்பினால் அந்தக் கடை உருப்படாது என்று எங்கள் அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்த பெண் நான். அப்படிப்பட்டவள் போணியைத் திருப்பி அனுப்பினேன்.

நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். நீ மெதுவாகத்தான் பேசினாய்.

“நீதானம்மே மந்தம் மந்தம்னு சொல்லிகினு இருந்த? பேப்பர்ல போட்டா நிமிந்து உக்காந்து படிக்கிற. உன் கடையில நடந்தா மட்டும் இன்னாத்துக்குத் தலய தொங்கப்போட்ற? மந்தம்னா ஊருக்கே வர்றது. வெக்கம் மட்டும் உனக்கு ஒருத்திக்கா?”

சொல்லிவிட்டு நோட்டை மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு போய்விட்டாய். அன்று முழுக்க எனக்கு ஒரு வியாபாரமும் இல்லை. செய்ய வேலை இல்லாததால் உன் கடையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுவரை நான் உன் கடையைப் பார்த்ததெல்லாம் நீ எப்போது வருவாய் என்று தெரிந்துகொள்ளத்தான். அன்றுதான் கடையைப் பார்த்தேன். பெஞ்ச் காலியாக இருந்தது. வருகிற ஓரிருவரும் டீயைக் குடித்துவிட்டு வடை வேண்டாம் என்றார்கள். நீ அடுப்பைத் தணிப்பதும் ஏற்றுவதுமாக இருந்தாய். பால் பொங்குது என்று தினமும் என்னிடமிருந்து அவசரமாக ஓடினாயே, எந்தப் பால்? சுட்டுவைத்த வடைகளை நீ தட்டில் ஒருமுறை இப்படி அடுக்குவதையும் கொஞ்ச நேரம் கழித்து வேறு மாதிரி அடுக்குவதையும் பார்த்தேன். நான் மாம்பழக் கலரை மடிக்கிற அதே வேலை.

என்னை நினைத்து எனக்கு அருவருப்பாக இருந்தது. மந்தம் என்கிற சொல்லை எனக்கு மட்டும் எழுதிக் கொடுத்த பட்டா மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். புளி விற்காவிட்டால் புடவை வாங்காதவன் டீ மட்டும் எப்படிக் குடிப்பான் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அண்ணன் வந்த அன்று உன் கடையில் இருந்த நாலே பேரையும் எழுப்பி என் கடைக்கு அனுப்பியிருக்கிறாய். அவர்கள் திரும்பி வந்து டீ குடித்தார்களா என்று தெரியாது.

மறுநாள் பல் விளக்கியதும் விளக்காததுமாக உன் கடைக்கு வந்தேன். நீ அப்போதுதான் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

“இன்னா இவ்ளோ காலைல?”

“தல நோவுது. ஒரு டீ குடு.”

நீ என்னைப் பார்த்தாய். என் தலைநோவும் உன் ஊக்கு மாதிரியே ஒரு பொய்தான் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. கூடுதல் சர்க்கரை போட்டுக் கொடுத்தாய். நான் கொடுத்த பத்து ரூபாயை வாங்கிக்கொண்டு, நான் கடையைத் திறந்ததும் அதே நோட்டைக் கொண்டுவந்து ஊக்கு கேட்டாய். ஓரத்தில் கிழிந்து டேப் ஒட்டிய நோட்டு. அன்றிலிருந்து அந்த நோட்டு காலையில் ரோட்டைக் கடந்து உன்னிடம் வரும், திரும்ப ரோட்டைக் கடந்து என்னிடம் வரும். “நம்ம ரெண்டு பேருக்கும் தனி ரிசர்வ் பேங்க்” என்று நீ சொல்வாய். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு நாம் எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியாது. இருவருக்கும் வியாபாரம் அப்படியேதான் கிடந்தது. ஆனாலும் அந்த மாதங்களில் நான் புடவையைச் சும்மா விரித்து மடிப்பதை நிறுத்தியிருந்தேன்.

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. கஷாயம் குடித்தாய், மாத்திரை போட்டாய், கடையைத் திறந்தாய். பிறகு கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு, “வர்றேன் ஜவுளி. போணிய வேற எவகிட்டயும் வாங்காத” என்றாய். திரும்ப மேலே கொண்டுவந்தபோது உன்னை வெள்ளைத் துணியில் கட்டியிருந்தார்கள்.

இனி சொல்வதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று நான் கடையைத் திறக்கவில்லை. உன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணன் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

“கடைய தொறக்கணும்மா. கோடித்துணி எடுக்கணும். கீழ போய் எடுத்துகினு வர்றதுக்கு நேரம் இல்ல.”

“சாவியத் தர்றேன்ணா. இன்னா வேணுமோ எடுத்துக்குங்க. துட்டெல்லாம் வாணாம்.”

“கோடிய சும்மா வாங்கக்கூடாதும்மா. துட்டு குடுத்து எடுத்தாத்தான் அதுக்குச் சேரும். நீதான் குடுக்கணும்.”

அழுத முகத்தோடு வந்து ஷட்டரைத் தூக்கினேன். உன் பிறந்த வீட்டு ஆட்கள் எல்லோரும் பின்னால் நின்றார்கள். உன் அண்ணன் அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டு, மேஜைமேல் கைக்கு எட்டிய இடத்தில் இருந்த மாம்பழக் கலரை எடுத்தார். விலை கேட்டார். சொன்னேன். நோட்டை நீட்டினார். வாங்கினேன்.

வாங்கிய கை கண்ணுக்குப் போனது. நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஒரு கண்ணில் ஒற்றி மறு கண்ணுக்குக் கொண்டுபோகும்போதுதான் என்ன செய்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. உன் பிணத்துக்குப் போடுகிற புடவைக்கு வந்த காசை, நல்ல போணி என்று கும்பிட்டு வாங்கியிருக்கிறேன். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உன் அண்ணன் மட்டும் பார்க்காத மாதிரி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மனுஷன் என்னைத் திட்டியிருக்கலாம். புடவையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு ஆளுக்கொரு கோடி எடுக்க வரிசையாக வந்தார்கள். மாமன் வகையில் ஒன்று, நாத்தனார் ஒன்று, அக்கா மகள் ஒன்று. கூட்டத்தில் அந்த ஜீப்காரப் பையனும் நின்றான். இந்தத் தடவை கலர் கேட்டபோது தடுமாறாமல் “பச்சை” என்றான். இரண்டு வருஷமாக நகராத அலமாரி மத்தியானத்துக்குள் பாதி காலியாயிற்று. கடை வைத்த நாளிலிருந்து சந்தை இல்லாத ஒரு நாளில் அவ்வளவு வியாபாரம் எனக்கு ஆனதே இல்லை. அன்றைக்கும் எனக்குப் போணி பண்ணினது நீதான், டீக்காரி.

உன்னை எடுத்துக்கொண்டு போன பிறகு, கடையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதே மறந்துபோயிருந்தது. போன் அடித்தது.

“யாவாரம் எப்படிம்மா?”

நல்லா போவுதுண்ணா என்று எத்தனையோ ஞாயிறு பொய் சொன்னவளுக்கு, அது மறுபடி உண்மையான ஒரே நாளில் வாய் வரவில்லை.

“மந்தம்ணா” என்றேன்.

பெரியண்ணன் கேட்டார்: “எவ்ளோ நாளாம்மா?”

“ரொம்ப நாளாண்ணா.”

“முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?”

“வெக்கமா இருந்துச்சுண்ணா.”

“இங்க மட்டும் இன்னா வாழுது” என்றார் அண்ணன். கரும்பு வெட்ட ஆள் இல்லாமல் நிற்கிறது என்றார். என்னிடம் சொல்ல அவருக்கும் கூச்சமாக இருந்தது என்றார். அந்தச் சொல்லை முதல்முறையாகச் சரியாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். நீ இருக்கும்போது சொல்லவில்லை.

கடை இன்னும் இருக்கிறது. இந்த வருஷம் புளி சுமார். உன் கடையை உன் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். சாமைக் காட்டிலேயே காலம் தள்ளிய மனுஷனுக்கு டீ போட வரவில்லை. டிகாஷனைக் குறைத்துப் பாலை ஏற்றுகிறார், வடை ஒன்று கல்லு, ஒன்று மாவு. நான் காலையில் முதல் ஆளாகப் போய்த் தலைநோவு என்று சொல்லி ஒரு டீ வாங்கிக் குடிக்கிறேன். அதைக் குடித்த பிறகு பல நாள் உண்மையாகவே தலை நோகிறது. தினமும் அந்த ரோட்டைக் கடக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இன்று என்ன பொய் சொல்வது, அவர் கண்டுபிடித்துவிடுவாரோ, பிச்சை என்று நினைத்துவிடுவாரோ என்று நினைத்துக்கொண்டே போகிறேன். இரக்கத்தை வாங்குகிறவளுக்குத்தான் வெட்கம் என்று இருந்தேன். ஊக்கு வாங்க வந்த உனக்கும் இதெல்லாம் இருந்திருக்கும். ஒருநாளாவது உன் காசை நான் முகம் கொடுத்து வாங்கியிருக்கிறேனா?

இன்று காலை வடைத்தாளோடு நான் திகைத்து நின்றேன் என்று எழுதினேன் அல்லவா. அதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் குனிந்தபடி டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

“அது இருக்கறப்ப இந்த பெஞ்ச்ல குந்த எடம் இருக்காதாம். அதுதான் சொல்லும். எனக்குத்தான் கைராசி இல்லம்மா.”

நீ அவரிடமும் சொல்லவில்லை. அதை நான் உடைத்தால் உன் மானம் போகும். உடைக்காவிட்டால் இந்த மனுஷன் தன் கையையே திட்டிக்கொண்டு கிடப்பார். நான் உடைத்துவிட்டேன். என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

“அதுக்கும் இதே கதிதான்ணா. பெஞ்ச் காலியாத்தான் கெடந்துச்சு. எனக்கும் அப்படித்தான். இது மந்தம்ணா. உங்க கை இல்ல.”

அவர் தலையை நிமிர்த்தி வெகுநேரம் பெஞ்சைப் பார்த்தார். அப்புறம் ஒரு வடையைத் தேடி எடுத்து, தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். நான் பத்து ரூபாய் நோட்டை நீட்டினேன். இன்றைக்கு அவருக்கு முதல் காசு அது. வாங்கியவர் கையில் வைத்து ஒரு நொடி யோசித்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவர் நான் பார்க்கிறேனோ என்று கூசினார்.

உன் அண்ணன் செய்தது போல நான் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எதிர்க்கடை
ஜவுளி